வண்டி நிற்கும் திசை

வண்டியைக் கிளப்புவதற்கு முன் அவள் கணவரை ஏற்ற வேண்டும். அதற்கே காலையில் பாதி போய்விடும். சக்கர நாற்காலியைக் காரின் முன்கதவுக்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்து பிரேக்கைப் போடுவாள். சரிவில் அது உருண்டுவிடாமல் சக்கரத்துக்குக் கீழே ஒரு செங்கல் வைப்பாள். கார் இருக்கையின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரிப்பாள். வெறும் துணி இருக்கையில் உடம்பு திரும்பாது, பிளாஸ்டிக் என்றால் வழுக்கிக்கொண்டு திரும்பும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பிறகு அவருடைய இடது கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்புப் பட்டியைப் பிடித்து, "எந்திரிக்கலாமா" என்பாள்.

"சரி" என்பார் அவர்.

இரண்டு பேரும் ஒரே மூச்சாக எழுந்து, ஒரே மூச்சாகத் திரும்பி, அவர் இருக்கையில் விழுந்ததும் அவள் குனிந்து அந்த வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பாள். வலது கையை மடியில் எடுத்து வைப்பாள். பெல்ட்டை மாட்டி, வாயோரம் துடைத்து, சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரும்போது அவளுக்குப் புடவை முதுகோடு ஒட்டியிருக்கும்.

சாவியை ஒரு கட்டம் திருப்பினால், சுருள் கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும்வரை பொறுக்க வேண்டும். டீசல் வண்டிக்கு அந்தப் பொறுமை வேண்டும் என்று முன்பு அவர் சொல்லியிருந்தார். விளக்கு அணைந்தது. சாவியை முழுதாகத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. மறுபடி. ஒரு தரம் இருமிவிட்டு, பின்னால் வெள்ளைப் புகையைத் துப்பிவிட்டு நின்றது. மறுபடி. சுற்றும் சத்தம் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

கிளம்பாத வண்டிக்குள் இரண்டு பேர் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தெருவில் போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். முன்கண்ணாடிக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில், அவர்களுடைய வீட்டின் முன்னறை ஜன்னல். இரண்டு பேரும் தங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னைக்கும் பிசியோ போச்சு" என்றாள்.

"சரி சரி சரி" என்றார் அவர். குரலில் கோபம் இருந்தது.

மூளையில் ரத்தம் அடைத்த அந்த நாளுக்குப் பிறகு அவரிடம் மிஞ்சிய ஒரே சொல் அது. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே மோட்டார்களின் இரைச்சலில் பேச முடியாது, கையால்தான் எல்லாம். அந்தப் பழக்கமோ என்னவோ, வீட்டிலும் பேச்சு குறைவு. கல்யாணமான புதிதில் அவளுக்கு அது பெருங்குறையாக இருந்தது. பிறகு பழகிப்போனது. இப்போது அந்தக் குறைந்த பேச்சும் இல்லை என்று ஆன பிறகு, அவர் எப்போதோ சொன்ன சாதாரண வாக்கியங்கள்கூட அவளுக்கு ஞாபகம் வந்தன. 'குடை எடுத்துக்கிட்டியா.' 'அந்த டம்ளர்ல வேண்டாம், சுடும்.' அவ்வளவுதான். அதற்குத்தான் ஏங்கினாள்.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். கடை சின்னது, எழுத்துப் பலகையைத் தூரத்தில் மாட்ட இடம் கிடையாது. அதனால் எழுத்துகளை இடம் வலம் மாற்றி எழுதி, உட்கார்ந்திருப்பவரின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே இருக்கும் கண்ணாடியில் படிக்கச் சொல்வாள். ஒரு வில்லையைப் போட்டு, "இது தெளிவா?" இன்னொன்றைப் போட்டு, "இல்ல, இதுவா?" நாள் முழுக்க இதே கேள்விதான். சிலர் அவள் மனம் நோகக்கூடாதென்று எதைக் கேட்டாலும் இதுதான் நல்லாயிருக்கு என்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரே வில்லையை இரண்டு தரம் போட்டுப் பார்ப்பாள், சாயம் வெளுத்துவிடும்.

வீட்டில் அவரிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டு சட்டைகளைத் தூக்கிக் காட்டி, "நீலமா, வெள்ளையா?"

"சரி."

"ரெண்டையும் மேல மேல மாட்டிக்கிறீங்களா?"

"சரி."

சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது போல இருந்தது. உள்ளேயிருந்து எப்போதும் ஒரே சத்தம். மருத்துவரும் போகப் போகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதாக இருந்தது. வருவது சும்மா இல்லை. அவளுடைய ஊரில், அவள் வீட்டுக்குப் பக்கத்தில், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. அதன் கிளை ஒன்று இங்கேயும் உண்டு; அதை அம்மாவுக்குக் காட்ட வேண்டும், எப்படி இருக்கும் என்று அவள் கண்ணால் பார்த்துவிட்டால் மனது சமாதானமாகும் என்பது மகளின் எண்ணம். மாப்பிள்ளை காரை வாங்க ஓர் ஆள் பார்த்து வைத்திருந்தார். கிளம்பாத வண்டி வாசலில் எதற்கு.

மகள் கல்நெஞ்சக்காரி இல்லை. போன தரம் வந்திருந்தபோது அப்பாவின் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, "அப்பா, நான் யாரு? பக்கத்து வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டாள். "சரி" என்றார். மகள் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வெளியே வந்தபோது முடிவோடுதான் வந்தாள்.

"அம்மா, உன் முதுகு போயிடும்மா. ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து விழப்போறீங்க. நீ பிடிச்சு வெச்சிருக்கறது அப்பாவுக்காகன்னு நினைச்சுக்கிட்டிருக்க. அப்பாவுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதாம்மா."

இந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. பாத்திரம் கழுவும்போது, கடையில் வில்லை மாற்றும்போது, அது மறுபடி மறுபடி குத்தியது. ஒண்ணுதானா? அப்படியென்றால் மகள் சொல்வதே சரி. ஒண்ணு இல்லை என்றால், அவரைக் கொண்டுபோய் விடுவது பெரிய பாவம். எது என்று சொல்ல வேண்டியவரோ இரண்டுக்கும் சரி என்பார்.

ஒண்ணு இல்லை என்று அவள் நம்பியதற்கு ஒரே காரணம் கார்தான். வண்டி ஓடும்போது அவர் வேறு ஆளாகிவிடுவார். தலையை லேசாகச் சாய்த்து இன்ஜினைக் கேட்பார். கியர் மாற்ற நேரமாகிவிட்டால் இடது கை விரல்கள் தொடையில் ஒரு தரம் தட்டும். அவள் மாற்றியதும் நின்றுவிடும். பக்கவாட்டுக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவாள். சில நாள் வேண்டுமென்றே தாமதமாகக்கூட மாற்றியிருக்கிறாள்.

ஆனால் அதே கைதான் மாலையில் அவளை அடித்தது.

தெருவைவிட வீடு உயரத்தில் இருந்தது. கேட்டிலிருந்து முன்னறை ஜன்னல்வரை சிமெண்டுச் சரிவு. மழைக்காலத்தில் ஓரமெல்லாம் பாசி. அவர் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு மாலையும் தெருவை அடைத்துக்கொண்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றுவார். வண்டியின் முகம் தெருவைப் பார்த்து, சரிவில் கீழ்நோக்கி நிற்கும். "ஊரே திட்டுது, நேரா உள்ள வந்தா என்ன?" என்று அவள் ஒரு தரம் கேட்டிருக்கிறாள். "காலைல நேரா போகலாம்ல" என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. அவருடைய எத்தனையோ பிடிவாதங்களில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டாள்.

அவளுக்குப் பின்பக்கமாக மேடேற்ற வராது. ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் முயன்று பார்த்து, கேட்டுத் தூணில் இடித்த தழும்பு பின்கதவில் இன்னும் இருக்கிறது. அதனால் அவர் படுத்த பிறகு அவள் நேராகவே உள்ளே ஓட்டி, ஜன்னலுக்கு முகம் கொடுத்து நிறுத்தினாள். கடையிலிருந்து அவள் வரும் நேரத்தில் அவரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஜன்னலோரம் உட்கார வைத்திருப்பார். வண்டி சரிவில் ஏறி நின்றதும் அவர் இடது கையால் நாற்காலியின் கையை அடிப்பார். தட், தட், தட். பிறகு கையைத் தூக்கி, உள்ளங்கையை அப்படியும் இப்படியும் ஆட்டுவார். போ, போ என்பது போல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் "சரி சரி சரி" என்று அசையும்.

என் வண்டியைத் தொடாதே என்கிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. தான் கைகால் விழுந்து கிடக்க இவள் சாவியைச் சுழற்றிக்கொண்டு வருகிறாள் என்ற ஆத்திரம். அது நியாயம்தான் என்றும் பட்டது. நாளாக ஆக, வண்டியை நிறுத்தும்போது ஜன்னலைப் பார்க்காமல் பையை எடுக்கிற சாக்கில் குனிந்துகொள்ளப் பழகினாள்.

மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் 'நாளைக்கு' என்றே அழைத்தார்கள். எந்த வண்டியை எப்போது தருவாய் என்று கேட்டாலும் அவன் வாயில் வரும் பதில் அது. கோபித்துக்கொள்ள மாட்டான். "நாளைக்குன்னு ஒண்ணு இருக்கறதாலதான் அக்கா மனுஷன் தூங்குறான்" என்பான். கடைக்கு இரண்டு தெரு தள்ளி அவனுடைய ஷெட். வாய் ஓயாது, கையும் ஓயாது.

முதலில் பேட்டரி என்றான். மாற்றினான். பிறகு குளிருக்கு இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் போய்விட்டது என்றான். வெள்ளைப் புகை வருகிறதே, அதுதான் அடையாளம். மாற்றினான். ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டினான். ஒவ்வொரு தரமும் வண்டியைத் தெருவுக்கு உருட்டி இறக்கி, நெடுநேரம் சுற்றவிட்டு, புகையும் இருமலுமாக எப்படியோ உயிர்ப்பித்து ஷெட்டுக்கு ஓட்டிப்போவான். அங்கே ராத்திரி நிற்கும் வண்டி காலையில் ஒரே திருப்பில் கிளம்பும். அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை மறுபடி பிணம்.

"என்கிட்ட இருந்தா சமத்தா இருக்குக்கா. உங்க வீடுதான் அதுக்குப் பிடிக்கல" என்றான் ஒரு நாள், கிரீஸ் கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டே. "வேணும்னா எங்கிட்டயே விட்டுடுங்க. மாமியார் வீட்டுல முறைச்சுக்கிட்டு, பொறந்த வீட்டுல சிரிக்கிற கேசு இது."

அவனோடு ஷெட்டில் இருந்த இன்னொருவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அது உறைத்தது. அங்கே கிளம்புகிறது, இங்கே கிளம்பவில்லை. இது தெளிவா, இல்லை, இதுவா. வில்லை ஒன்றுதான். மாறியது என்ன?

அந்த வார நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் 'நாளைக்கு' வண்டியைக் கொண்டுவந்தான். ஷெட்டில் பழகிய பழக்கத்தில் அவன் தெருவில் ஒரு வளைப்பு வளைத்து, விர்ரென்று பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றி, சாவியை வாசல் திண்ணையில் போட்டுவிட்டுத் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினான்.

அவள் சமையலறையில் இருந்தாள். சோற்றைக் குழைய வேகவைத்து, காய்களோடு மத்தால் கடைந்துகொண்டிருந்தாள். அவருக்குத் தண்ணீர்கூட மாவு கலந்து கொழகொழவென்று ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புரை ஏறும். வண்டிச் சத்தம் கேட்டதும் கை தானாக நின்றது. தட் தட்டுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே மழையில் நனையும் காரின் முதுகைப் பார்த்தபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேலை முடித்து வந்து செருப்பைக் கழற்றிவிட்ட மனிதரின் முகம். "சரி" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அன்று ஊட்டியதை மறுக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஒரே திருப்பில் கிளம்பியது. அவளுக்கு நம்ப முடியவில்லை. சரிவில் அப்படியே முன்னோக்கி இறங்கித் தெருவில் சேர்ந்தாள். பிசியோவுக்குப் போகும் வழியெல்லாம் மழை கழுவிவிட்ட தார்ச்சாலை பளபளத்தது. அவர் தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டார். விரல் தட்டியது, மாற்றினாள், நின்றது. மறுபடி தட்டியது. இதைத்தான் இத்தனை நாளும் பேச்சு என்று தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோமா என்று அவளுக்குத் தோன்றியது. இந்த வண்டி போய்விட்டால் இந்தக் கொஞ்சமும் போய்விடும்.

சாயங்காலம் அவள் எப்போதும் போல நேராக உள்ளே ஓட்டி நிறுத்தினாள்.

தட், தட், தட்.

அவள் குனிந்துகொள்ளவில்லை. காலையில் அவ்வளவு இணக்கமாக இருந்தவர் இப்போது இப்படி அடிப்பது அவளால் தாங்கக்கூடியதாக இல்லை. வீட்டுக்குள் நடந்து, பையைக்கூட இறக்காமல் அவர் எதிரே நின்றாள்.

"நான் ஓட்டறது உங்களுக்குப் பிடிக்கல, அதானே? யாரு ஓட்டுவா பின்ன? சொல்லுங்க. வித்துடறேன். போதுமா?"

"சரி" என்றார். சொல்லிவிட்டுக் கண்களை இறுக மூடித் தலையை இடமும் வலமும் அசைத்தார். மூடிய கண்ணிலிருந்து நீர் வந்தது. அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்த ஈரத்தோடேயே தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

காலையில் வண்டி கிளம்பவில்லை.

'நாளைக்கு' வந்தபோது அவனுக்கே ரோஷமாக இருந்தது. பேசாமல் பானட்டைத் தூக்கினான். டீசல் வடிகட்டியின் தலையில் இருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"பஞ்சு மாதிரி அமுங்குதுக்கா. உள்ள டீசலே இல்ல, வெறும் காத்து. ராத்திரி பூரா டீசல் டாங்க்குக்குத் திரும்பி இறங்கிடுது. எங்கயோ காத்து வாங்குது." அழுத்திக்கொண்டே இருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டைவிரலுக்கு எதிர்ப்பு வந்தது. "இப்ப கெட்டியாயிடுச்சு. சாவியப் போடுங்க."

போட்டாள். கிளம்பியது.

"இது பேட்டரியும் இல்ல, பிளக்கும் இல்ல. நான்தான் புகையைப் பார்த்து ஏமாந்துட்டேன்" என்றான். "ஆனா ஒண்ணு புரியல. இறங்கறதுன்னா என் ஷெட்லயும் இறங்கணும்ல?"

அவள் அவனுக்காகக் கொண்டுவந்த தேநீர்க் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கடையில் கேட்கிற குரலிலேயே கேட்டாள்.

"உன் ஷெட்ல வண்டி எப்படி நிக்கும் தம்பி?"

"எப்படி நிக்கும்? எல்லா வண்டியும் பின்னால ஏத்தித்தான். ரோட்டைவிட எங்க இடம் மேடுல்ல, மூஞ்சி கீழ..." என்றவன் நிறுத்திக்கொண்டான். வண்டியின் பின்னால் போய், டாங்க் இருக்கும் இடத்தைப் பார்த்தான். அங்கிருந்து சரிவின் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் மூக்கைப் பார்த்தான். "அட. டாங்க் பின்னால, பள்ளத்துல. இன்ஜின் முன்னால, மேட்டுல. காத்து புகுந்தா டீசல் ஓடத்தானே செய்யும். திருப்பி நிறுத்தினா டாங்க் மேல இருக்கும், எங்க ஓடும்?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவர் கண்ணாடிக்கு அருகே குனிந்திருந்தார். இடது கை உயர்ந்திருந்தது. உள்ளங்கை அப்படியும் இப்படியும் திரும்பியது. போ என்று இல்லை. திருப்பு. திருப்பு.

'நாளைக்கு'வும் அதைப் பார்த்தான். அவன் பானட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். "அண்ணன் எப்போலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்காருக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

தேநீரில் ஆடை படிந்திருந்தது.

அன்று அவன் நாளைக்கு என்று சொல்லவில்லை. வடிகட்டிக்கு வரும் வழியில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, அதில் குமிழி குமிழியாகக் காற்று ஓடுவதை அவளுக்குக் காட்டினான். பிறகு பின்னோக்கித் தேடிக்கொண்டே போய், அடியில் ஒரு ரப்பர் குழாயைக் கண்டுபிடித்துக் கழற்றினான். வெடிப்பு மயிரிழைதான். அதன் மேல் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூட, விளிம்பு பிசகாமல், முனையில் மெல்லிய கம்பி முறுக்கி. அந்தச் சுற்று அவளுக்குத் தெரியும். வீட்டுத் தோட்டக் குழாயில், குடைக்காம்பில், ஒரு முறை உடைந்த அவளுடைய சீப்பில்கூட அதே சுற்று.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். "சுத்திப் பார்த்திருக்காரு, முழுசா நிக்கல. சரி, திருப்பி நிறுத்தினா போச்சுன்னு விட்டுட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டார்" என்றாள்.

ஊரின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு சின்னக் குறையை யாரிடமும் சொல்லாமல், அது தெரியாத அளவுக்குத் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். காலைல நேரா போகலாம்ல என்றது பொய் இல்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி அவள் இரண்டாவது தரம் கேட்டிருந்தால் வந்திருக்கும். அப்படி அவள் கேட்காமல் விட்ட மீதிகள் இன்னும் எத்தனை அவருக்குள் இருக்கின்றன என்று நினைத்தபோது, இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்த மனிதருக்காகவே அவளுக்கு நெஞ்சு ஏங்கியது.

புதுக் குழாயை மாட்டியாயிற்று. மறுநாள் காலை, நேராக நிறுத்தியிருந்த வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. பழைய குழாயை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். மடியில் வைத்தாள். இடது கட்டைவிரலால் அவர் வெடிப்பைத் தடவினார்.

"இதை மாத்தியாச்சு. புதுசு போட்டாச்சு. இனிமே வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்னாலும் டீசல் இறங்காது. புரியுதா?"

"சரி" என்றார்.

அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் குழாயை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். காரை அம்மாவே ஓட்டி வந்து ரயில் நிலையத்தில் நின்றதைப் பார்த்துவிட்டு, பையைப் பின்னால் போட்டு ஏறிக்கொண்டாள். அவரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் விட்டிருந்ததால், அங்கிருந்து நேரே அந்த இல்லத்தின் உள்ளூர்க் கிளைக்குப் போனார்கள். சுத்தமாக இருந்தது. பெரிய ஜன்னல்கள், கழுவிய தரை, பெயரை அன்பாகக் கூப்பிடும் பெண்கள். ஜன்னலோரம் வரிசையாக நாற்காலிகள். ஜன்னலுக்கு வெளியே நல்ல புல்வெளி. அந்தப் புல்வெளியில் எந்த வண்டியும் வந்து நிற்காது என்று மட்டும் அவள் கவனித்தாள்.

திரும்பி வரும் வழியில் மகள் மெதுவாகப் பேசினாள். மூன்று வேளை சாப்பாடு, இரவு ஆள், பிசியோ அங்கேயே. நீயும் என்னோடு வந்துவிடு. பேசிக்கொண்டே வந்தவள் கடைசியில் அதையே சொன்னாள். "உனக்குத்தாம்மா கஷ்டம். அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது."

தெருமுனை வந்தது. அவள் கேட்டுக்குள் நேராகத் திருப்பி, சரிவில் ஏற்றி, ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. "ஒரு நிமிஷம் பேசாத" என்றாள்.

அவர் ஜன்னலில் இருந்தார். வண்டியைப் பார்த்தார். இடது கை நாற்காலியின் கைமேல் இருந்தது. அது எழவில்லை. அடிக்கவில்லை. விரல்கள்கூட அசையவில்லை. அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார்.

அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. "பாத்தியா" என்றாள்.

"என்னத்தம்மா பாக்கறது? அப்பா சும்மாதானே உக்காந்திருக்காரு."

ஆமாம். சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார். அடித்துக்கொண்டே இருந்தவர் சொன்னதைக் கேட்டு, புரிந்து, நிறுத்திவிட்டார். இதை எப்படி இன்னொருவர் கண்ணுக்குக் காட்டுவது? எந்த வில்லையைப் போட்டால் மகளுக்கு இது தெரியும்? விளக்கத் தொடங்கி, குழாய், சரிவு, டீசல் என்று இரண்டு வாக்கியம் சொன்னாள். மகள் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவள் நிறுத்திக்கொண்டாள்.

வேறொன்றும் உள்ளே நடந்தது. அந்தக் கை இனி எழ வேண்டிய அவசியமில்லை. இத்தனை மாலைகளும் அது தன்னைத் திட்டுகிறது என்று குனிந்துகொண்டாள். அதுதான் அவளோடு பேசிக்கொண்டிருந்தது. புரிந்த அன்றே பேச்சு முடிந்துவிட்டது.

"நீ இறங்கிக்கோ" என்றாள் மகளிடம்.

"நீ?"

"திருப்பி நிறுத்தணும்."

"அதான் நல்லா நிக்குதேம்மா."

மகள் பையோடு இறங்கினாள். அவள் வண்டியைப் பின்னுக்கு உருட்டித் தெருவில் இறக்கினாள். குறுக்கே நிறுத்தினாள். ஓர் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. அடிக்கட்டும். பின்கியரைப் போட்டாள். கேட்டுத் தூண்கள் இரண்டும் கண்ணாடியில் பெரிதாகி வந்தன. பாதி ஏறியதும் வண்டி வழுக்கி நின்றது, கிளட்ச் கருகும் வாசனை வந்தது. கைபிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நடுக்கண்ணாடியை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தாள்.

முதலில் கண்ணாடிப் பளபளப்பு மட்டும் தெரிந்தது. பிறகு அவர். நாற்காலியில் முன்னால் குனிந்திருந்தார். கை எழுந்தது.

இந்தப் பக்கம் கொஞ்சம், என்று கை சாய்ந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தாள். போதும். நேராக்கு. பம்ப் நிலையத்தின் இரைச்சலில் அந்த மூலையில் நிற்கிறவனுக்குச் சொல்கிற கை. அவள் பிரேக்கை விட்டாள். வண்டி ஏறியது.

திடீரென்று கை விறைத்து நின்றது. நில். பிறகு வேகமாக ஓரமாக வீசியது. சரிவின் நடுவே, வண்டிக்குப் பின்னால், மகள் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சரிப்பா" என்றாள் மகள், சின்ன வயதில் சொல்வது போல, சுவரோரம் ஒதுங்கிக்கொண்டே.

ஒதுங்கிய பிறகுதான் மகள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பை தோளிலிருந்து நழுவி இறங்கியது. அதை எடுக்கக் குனியாமல் அப்படியே நின்றாள்.

அவர் மகளைப் பார்க்கவில்லை. வேலையில் இருந்தார். வா, என்றது கை. இன்னும் வா. தெருவில் ஹாரன்கள் அடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் அவருடைய வலது கை அவளை மேலே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.